டாக்டர் வண்டிக்கு நாலு போல்ட்

வனஜா கையில் ஒரு பொருளைக் கொடுத்துவிட்டு அதைத் திருப்பிப் பார்க்காதே என்று சொன்னால் அது நடக்கிற காரியமில்லை. கல்யாணமாகி ஆவடி குவார்ட்டர்ஸுக்கு வந்த முதல் மாதமே, சீராக வந்த தையல் மிஷினை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிப் போட்டு நடுவில் உட்கார்ந்திருந்தாள். ஷிப்ட் முடிந்து வந்த பாஸ்கரன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"இன்னாடி இது?"

"கீழ்நூல் எப்டி மேல்நூலைப் புடிக்குதுன்னு பாத்தேன்யா."

"பாத்துட்டியா?"

"பாத்துட்டேன். இனிமே மாட்டணும்."

மாட்ட மூன்று நாள் ஆயிற்று. ஒரு திருகு மிச்சமாகிவிட்டது. அது எங்கிருந்து வந்தது என்று கடைசிவரை தெரியவில்லை, மிஷின் மட்டும் முன்னைவிட நன்றாகவே ஓடியது. அந்த மிஷினில்தான் பதினெட்டு வருஷமாகக் குவார்ட்டர்ஸ் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். தொழிற்சாலை வேலைக்கென்று நாலு திசையிலிருந்தும் வந்து சேர்ந்த குடும்பங்கள். திருநெல்வேலிக்காரிக்குக் கை நீளம் வேண்டும், கோயம்புத்தூர்க்காரிக்குக் கழுத்து ஏற வேண்டும், மதுரைக்காரிக்கு எது தைத்தாலும் போன தடவைதான் நன்றாக இருந்தது. அத்தனை பேரையும் சமாளித்துவிட்டாள் வேப்பம்பட்டில் நாற்று நட்டு வளர்ந்த பெண். குழந்தை மட்டும் இல்லை. அதைப் பற்றி அவள் பேசுவதில்லை, மற்றவர்கள் பேசாமல் இருந்ததும் இல்லை.

எண்பத்தேழாம் வருஷம் பாஸ்கரனின் அக்கா மகள் தாட்சாயிணிக்கு மாப்பிள்ளை நிச்சயமானது. பெண் வீடு செம்பரம்பாக்கம், மாப்பிள்ளை வீடு வானகரம், கல்யாணம் பூந்தமல்லி மண்டபத்தில். கல்யாணத்துக்கு முந்தின நாள் பெண்ணழைப்பு. கோயிலிலிருந்து மண்டபம் வரை காரில் வரும் பெண்ணுக்குப் பக்கத்தில், சீர்த்தட்டை மடியில் வைத்துக்கொண்டு தாய்மாமன் மனைவி உட்கார்ந்து வருவது அவர்கள் வழக்கம். அதாவது வனஜா.

நிச்சயத்தன்று பந்தி முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில் மாப்பிள்ளையின் பெரியம்மா முத்தம்மாள் அந்தப் பேச்சை எடுத்தாள். கெட்டவள் என்று சொல்லிவிட முடியாது. தேன் ஒழுகப் பேசுவாள், அதுதான் தொல்லை. "தட்டை நம்ம பெரிய மருமவ எடுத்துக்கினு வரட்டுமே. ரெண்டு புள்ள பெத்தவ. நல்ல காரியம் பாருங்க" என்றாள். யார் பக்கமும் பார்க்காமல், ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

வனஜாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பாஸ்கரன்தான் எழுந்தான்.

"என் அக்கா பொண்ணு என் கார்லதான் வருவா. என் கார்ல என் பொண்டாட்டிதான் தட்டோட குந்துவா."

"உங்களுக்குக் கார் கீதா தம்பி?" முத்தம்மாள் நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள்.

"கீது."

"அப்ப சரி. சொந்தக் கார் வந்தா உங்க இஷ்டம். வரலைன்னா எங்க கார், எங்க மருமவ."

பாஸ்கரனிடம் இருந்தது ஒரு சைக்கிள். அதிலும் பின்சக்கரத்தில் காற்று நிற்காது.

திரும்பி வருகிற பஸ்ஸில் வனஜா கேட்டாள். "ஏன்யா, உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? கார் எங்க கீது?"

"தேடணும்" என்றான் அவன். தொழிற்சாலையில் சேருமுன் இரண்டு வருஷம் லாரி ஓட்டியவன், லைசென்ஸ் இருந்தது. ஓட்டுவதற்கு வண்டிதான் இல்லை. வாடகைக்கு எடுக்கலாமே என்று அவள் சொல்லிப் பார்த்தாள். சொந்தக் கார் என்று சொல்லிவிட்டேன், சொன்னது சொன்னதுதான் என்று முறுக்கிக்கொண்டான். பாஸ்கரன் வாயிலிருந்து வந்த வார்த்தையைத் திரும்ப வாங்கவைக்க அவனைப் பெற்றவளாலேயே முடிந்ததில்லை.

தேடி எடுத்தது டாக்டர் வண்டியை. செத்துப்போன ஒரு டாக்டரின் கிளினிக் பின்னால், புளியமரத்தடியில், பத்துப் பதினொரு வருஷமாகக் கிடந்தது. வெள்ளைக்காரன் காலத்துக் கார். முன்னால் பேர் எழுதின தகடு எப்போதோ போய்விட்டது. பின்சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. டாக்டரின் மனைவி, "எடுத்துகிட்டுப் போனா எனக்குப் புண்ணியம், அந்தக் கோழி மட்டும் என்னுது" என்று சாவியையும் தாளையும் கொடுத்துவிட்டார். எட்டுப் பேர் சேர்ந்து தள்ளிக்கொண்டு வந்து குவார்ட்டர்ஸ் வேப்பமரத்தடியில் நிறுத்தினார்கள்.

அன்றிலிருந்து அந்த மரத்தடி திருவிழா ஆகிவிட்டது. அந்தக் குவார்ட்டர்ஸில் வீட்டுக்கு ஒரு ஃபிட்டர், இல்லாவிட்டால் டர்னர், இல்லாவிட்டால் வெல்டர். ஓய்வு நாளில் சும்மா இருக்கத் தெரியாத கூட்டம். ஆளுக்கு ஒரு கை போட்டார்கள். பிரேக்கைப் பிரித்தார்கள், கார்புரேட்டரைக் கழுவினார்கள், எங்கிருந்தோ ஒரு பேட்டரி வந்தது. ஒரு மாதத்தில் இன்ஜின் இரண்டு தும்மல் தும்மி உயிர் பெற்றது. பாஸ்கரன் ஆனந்தத்தில் வனஜாவை எல்லார் முன்னாலும் தூக்கிவிட்டான்.

உயிர் பெற்ற அஞ்சாவது நிமிஷம் வாட்டர் பம்பிலிருந்து தண்ணீர் கொட்டியது. பம்பை இன்ஜினோடு சேர்த்துப் பிடிக்க நாலு போல்ட். நாலையும் துரு தின்றிருந்தது. கழற்றும்போது ஒன்று இரண்டு துண்டாக வந்தது, இரண்டு பொடிப்பொடியாக வந்தன. ஒன்றுதான் திருகு வரி, அதாவது மரை, தெரிகிற அளவுக்குத் தேறியது. கல்யாணத்துக்கு இன்னும் பத்தே நாள்.

"நாலு போல்ட்டு. இதுக்குப் போய் யாராவது கவலைப்படுவாங்களா?" என்றான் பாஸ்கரன்.

அவன் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. தொழிற்சாலையில் அவன் வேலையே மரை பார்ப்பதுதான். நாள் முழுக்கக் கேஜ் என்கிற அளவுக் கருவியை வைத்துக்கொண்டு, இந்த மரை சரி, இந்த மரை தள்ளு என்று பிரிக்கிற இன்ஸ்பெக்டர். தேறிய போல்ட்டின் தலையில் பழைய இங்கிலீஷ் ஸ்பேனரை வைத்தான், கச்சிதமாக உட்கார்ந்தது. தலை இங்கிலீஷ் அளவு என்றால் மரையும் இங்கிலீஷ்தான், அங்குலக் கணக்கு. பட்டறையில் இருக்கிற எவனும் இதைச் சந்தேகப்பட்டதில்லை. புதுப்பேட்டைக்குப் போய்ப் பழைய சாமான் கடைகளில் இரண்டு நாள் அலைந்து, அதே தடிமனில் அங்குல மரை போல்ட் நாலு வகை வாங்கி வந்தான். மூன்று வகை நுழையவே இல்லை. நாலாவது வகை நுழைந்தது. நாலு சுற்றுப் போனது, நின்றது.

ஞாயிற்றுக்கிழமை காலை குவார்ட்டர்ஸே மரத்தடியில் கூடிவிட்டது. ஓட்டைக்குள் துரு என்றார் ஒருவர். அழுக்கு என்றார் இன்னொருவர். மண்ணெண்ணெய் விட்டு, கம்பியால் குடைந்து, மறுபடி போட்டார்கள். நாலு சுற்று, நின்றது. அடுத்த ஓட்டை, நாலு சுற்று. அதற்கடுத்தது, நாலு சுற்று.

டீ தூக்கோடு வந்த வனஜா ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டு மட்டும் இருக்க அவளால் முடியாதே.

"அழுக்குன்னா ஒரு ஓட்டைல ரெண்டு சுத்துல நிக்கணும், ஒண்ணுல ஆறு சுத்துல நிக்கணும். நாலு ஓட்டைலயும் கரெக்டா நாலாவது சுத்துலயா அழுக்கு குந்திகினு இருக்கும்?"

எல்லோரும் சிரித்தார்கள். "டீயை ஊத்தும்மா" என்றார் ஒருவர். பாஸ்கரனும் சிரித்தான். அவள் மூஞ்சி சுருங்கிப்போனதை அவன் கவனிக்கவில்லை.

மதுரைப் பக்கத்து வீராசாமி, குவார்ட்டர்ஸிலேயே வாட்டசாட்டமான வெல்டர், சட்டையைக் கழற்றினார். "இந்தா தள்ளுங்கப்பா, பயந்துகிட்டே முறுக்குனா எப்படி இறங்கும்?" என்று ஸ்பேனர் பிடியில் ஒரு முழ நீளக் குழாயைச் செருகினார். ஒரு முறுக்கு. போல்ட் இறங்கியது. எல்லோரும் கை தட்டினார்கள். அடுத்த முறுக்கில் நறநறவென்று சத்தம் கேட்டது, பிறகு எந்தப் பிடிப்பும் இல்லாமல் போல்ட் சும்மா சுற்ற ஆரம்பித்தது. வெளியே எடுத்தபோது கறுப்புத் தூளாக ஓட்டையின் மரை கூடவே வந்தது.

கை தட்டினவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். வீராசாமி சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். "பாஸ்கரா, தப்பு பண்ணிட்டேன்டா" என்றார். பாஸ்கரன் பம்பர்மேல் உட்கார்ந்துவிட்டான். வியாழக்கிழமை பெண்ணழைப்பு.

அன்று சோறு போடும்போது வனஜா கேட்டாள். "உங்க ஷாப்ல கேஜ் கீதே. அந்தத் தேறின போல்ட்டை எடுத்துகினு போய் வச்சுப் பாக்கக் கூடாதா?"

"உள்ள எடுத்துகினு போலாம். வெளிய எப்டி எடுத்துகினு வர்றது? கேட்ல தடவிப் பாக்கறவன் கிட்ட, இது என் ஊட்டு போல்ட்டுன்னு சொன்னா நம்புவானா? ஒரு வாஷர் பாக்கெட்ல இருந்ததுக்கு ஒருத்தனை சஸ்பெண்ட் பண்ணாங்க."

"கேஜை வெளிய..."

"ஏய், ஜெயில்ல போடுவான்டி."

உலகத்து மரையெல்லாம் அளக்கிற ஆயிரம் கேஜ் மதிலுக்கு அந்தப் பக்கம். அளக்கவேண்டிய ஒரு போல்ட் மதிலுக்கு இந்தப் பக்கம். இதை நினைத்தால் வனஜாவுக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

திங்கட்கிழமை அவன் ஷிப்டுக்குப் போனதும் போல்ட்டை மிஷின் பலகைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தைக்கவேண்டிய ரவிக்கைகள் ஏழு கிடந்தன. கிடக்கட்டும். நாலு சுற்று ஏன் போகிறது, அஞ்சாவது ஏன் போகவில்லை? காஜா எடுக்கும்போது இப்படி ஆவதுண்டு. பட்டனுக்கும் காஜாவுக்கும் இடைவெளியில் ஒரு நூலளவு பிசகினாலும் முதல் இரண்டு பட்டன் சரியாகவே மாட்டும், மூன்றாவது கொஞ்சம் இழுக்கும், கடைசிப் பட்டன் கிட்டவே போகாது. அப்படியானால் அழுக்கும் இல்லை, துருவும் இல்லை. வாங்கி வந்த மரைக்கும் இந்த மரைக்கும் இடைவெளி துளி வித்தியாசம். எவ்வளவு வித்தியாசம்?

துவைக்கிற சோப்புக் கட்டியை எடுத்து, போல்ட்டை அதன்மேல் படுக்கவைத்து அழுத்தினாள். வரிவரியாக மரை பதிந்தது. கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்து அங்குலப் பக்கமாக வைத்து ஊசிமுனையால் ஒவ்வொரு வரியாக எண்ணினாள். ஒரு அங்குலத்துக்கு இருபத்தஞ்சு வரி, அதற்குமேல் கொஞ்சம். கோட்டில் வந்து நிற்கவில்லை. மறுபடி எண்ணினாள். மறுபடியும் இருபத்தஞ்சும் கொஞ்சமும். மனிதன் வேலை மெனக்கெட்டு மிஷினில் வெட்டின மரையில் இந்தக் 'கொஞ்சம்' எங்கிருந்து வந்தது?

டேப்பைத் திருப்பிப் போட்டாள். தையற்காரி டேப்புக்கு ஒரு பக்கம் அங்குலம், மறுபக்கம் சென்டிமீட்டர். ஒரு சென்டிமீட்டருக்குப் பத்து வரி. சரியாகப் பத்து. இரண்டு சென்டிமீட்டருக்கு இருபது. இருபதாவது வரி கோட்டின்மேல் வந்து உட்கார்ந்தது.

வனஜாவுக்குப் புல்லரித்துவிட்டது. ஊசியைக் கீழே வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, மூன்றாம் தடவையும் எண்ணினாள். பத்துதான்.

பாஸ்கரன் வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை, சொல்லிவிட்டாள். அவன் குதித்தான். "இங்கிலீஷ் வண்டில மில்லிமீட்டரா? அவன் அந்தக் காலத்துல மில்லிமீட்டரைக் கண்ணாலயே பாத்திருக்க மாட்டான். ஸ்பேனர் கரெக்டா குந்துது, நீயே பாத்தே."

"ஸ்பேனர் தலைல குந்துது. மரைல குந்தலையே."

டேப்பைப் பிடுங்கி, சோப்பை ஜன்னலோரம் எடுத்துப் போய் அவனே எண்ணினான். ரொம்ப நேரம் எண்ணினான். பிறகு இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். "இருவது வருஷமா மரை பாக்கறேன்டி. தலையைப் பாத்துட்டு மரையைப் பாக்காம உட்டுட்டேன். வெளிய சொல்லாதே, மானம் போயிடும்." கொஞ்சம் பொறுத்து, "எட்டு மில்லி தடிமன், ஒரு மில்லி மரை. கடைல கிடைக்கிறது ஒண்ணேகால் மில்லி. இது எவன் கிட்டயும் இருக்காதே" என்றான்.

தெரிந்துகொண்டதில் வந்த சந்தோஷம் அதோடு வடிந்துபோனது. கல்யாணத்தில் தான் எந்த மூலையில் நிற்கவேண்டியிருக்கும் என்று வனஜாவுக்கு அன்று முதல் தடவையாகக் கண்முன் தெரிந்தது. அழுகை வந்தது. அழுதாள்.

செவ்வாய்க்கிழமை காலை ரவிக்கை வாங்க கன்னியம்மாள் வந்தாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஷெட்டில் பேக்கிங் வேலை. ரவிக்கை இன்னும் வெட்டவே இல்லை என்றதும் முகத்தைத் தூக்கிக்கொண்டவள், பலகைமேல் கிடந்த போல்ட்டை எடுத்து விரலால் உருட்டினாள்.

"இன்னாக்கா, எங்க கம்பெனி மரை மாரியே கீது?"

"உங்க கம்பெனில இன்னா பண்றாங்க?"

"நிப்பிள்க்கா. லாரிக்கு, மிஷினுக்கு எல்லாம் கிரீஸ் அடிக்கிறதுக்கு மூக்காட்டம் ஒண்ணு இருக்குமே, அது. நாளைக்கு ரெண்டாயிரம் பொறுக்கிப் பொட்டில போடறேன். இந்தப் பொடி மரை என் வெரலுக்குத் தெரியாதா?"

வனஜா மிஷினை மூடிவிட்டு, அவளோடேயே பஸ் ஏறிவிட்டாள்.

ஷெட் முதலாளி தசரதன் அரைக்கை பனியனில் எண்ணெய்க் கறையோடு நின்றிருந்தார். முதலில் ஏற இறங்கப் பார்த்தார். தையற்காரி, கழுத்தில் டேப், கையில் துருப்பிடித்த போல்ட், ஒரு சோப்புக் கட்டி. அவள் சொல்லச்சொல்ல அவர் பார்வை மாறியது. மேஜை டிராயரிலிருந்து ஓட்டை போட்ட ஒரு இரும்பு வட்டத்தை எடுத்து, "இது எட்டுக்கு ஒண்ணு. போட்டுப் பாரும்மா" என்று அவள் கையிலேயே கொடுத்தார். வனஜா போல்ட்டை நுழைத்துச் சுற்றினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. மூச்சைப் பிடித்துக்கொண்டு அஞ்சு. அஞ்சும் போனது. ஆறும் ஏழும் போனது. தலை முட்டுகிறவரை விரலாலேயே இறங்கியது.

"எப்டிங்க இது? தலை இங்கிலீஷு, மரை மில்லிமீட்டரு?"

"நான் வேலை கத்துக்கின எடத்துல ஒரு கிழட்டு ஃபோர்மேன் சொல்லுவாரும்மா. அந்தக் காலத்துல லண்டன்காரன் ஒருத்தன் இன்ஜின் பண்ற மிஷினையெல்லாம் பிரெஞ்சுக்காரன் கிட்டருந்து புடிச்சிட்டான். அந்த மிஷின் மில்லிமீட்டர்லதான் மரை வெட்டும். ஊர்ல எல்லார்கிட்டயும் இருக்கிறது அங்குல ஸ்பேனரு. தலையை மட்டும் அங்குலத்துக்குப் பண்ணிட்டான். நான் கதை வுடறாருன்னு நெனச்சேன். இன்னிக்குதான் கண்ணால பாக்கறேன்."

வனஜா வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். எந்தத் தேசத்திலோ யாரோ பார்த்த வசதி, நாற்பது வருஷம் கழித்து ஆவடி வேப்பமரத்தடியில் வந்து நிற்கிறது! எதற்கு அவசரம் என்று தசரதன் கேட்டார். பெண்ணழைப்பு என்றாள். யார் உட்காருவது என்பதையும், ஏனோ தெரியவில்லை, முன்பின் தெரியாத அந்த மனிதரிடம் சொல்லிவிட்டாள். அவர் ஒரு கம்பியை எடுத்து லேத்தில் மாட்டினார். மத்தியானத்துக்குள் மூன்று போல்ட் தயார். மரை போன ஓட்டைக்குத் தடியாக இன்னொன்றும், ஓட்டையைப் பெரிதாக்கிப் புது மரை போடும் ஆயுதமும் கொடுத்தார். "அதை மட்டும் வேலை முடிஞ்சதும் திருப்பிக் குடுத்துடும்மா" என்றார்.

ஓட்டையைக் கெடுத்த வீராசாமியே அதைச் சரி செய்தார். இந்தத் தடவை குழாயெல்லாம் இல்லை. கால் சுற்று முன்னே, அரைக்கால் சுற்றுப் பின்னே என்று, கைக்குழந்தைக்கு மருந்து புகட்டுகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். புதன்கிழமை பம்பை ஏற்றினார்கள். ஒரு மணி நேரம் இன்ஜின் ஓடியது. தரையில் ஒரு சொட்டு இல்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் பூந்தமல்லிக் கோயில் வாசலில் மாப்பிள்ளை வீட்டு வாடகைக் கார் மாலை போட்டுத் தயாராக நின்றது. அதன் பின்னால் பாஸ்கரன் டாக்டர் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியபோது, கூட்டத்தில் பாதிப் பேர் வண்டியைச் சுற்றிக்கொண்டார்கள். முத்தம்மாள் அதைத் தொட்டுக்கூடப் பார்த்தாள். "நெசமாவே கார்தான்" என்றாள். சொன்ன சொல்லை மீறவில்லை. தாட்சாயிணி ஏறினாள், பக்கத்தில் மடியில் தட்டோடு வனஜா. பட்டுப்புடவைச் சரசரப்பிலும் மேளச் சத்தத்திலும் அவள் காது இன்ஜினிலேயே இருந்தது. எங்கேயும் இடறவில்லை. பாஸ்கரன் பின்னால் திரும்பி ஒரு தடவை பார்த்தான். இரண்டு பேருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மண்டப வாசலில் வண்டி நின்றது. அணைத்தால் மறுபடி கிளம்புமோ என்ற பயத்தில் பாஸ்கரன் இன்ஜினை ஓடவிட்டு, ஆக்சிலரேட்டரிலிருந்து கால் எடுக்காமல் உட்கார்ந்திருந்தான். ஆரத்திக்காரிகளுக்கு முன்னால் முத்தம்மாள் வந்து கதவைத் திறந்தாள். பின்னால் அவள் பெரிய மருமகள், தலைநிறையப் பூவோடு.

"கார்ல வந்தது வந்துட்டே, யாரு வாணாம்னா? உள்ள கொண்டுபோறதுக்குத் தட்டை இப்டிக் குடு கண்ணு. நல்ல காரியம் பாரு."

முத்தம்மாளின் இரண்டு கையும் நீண்டிருந்தன. வனஜா அந்தக் கைகளைப் பார்த்தாள். நிச்சயத்தன்று எரிந்த மாதிரி எரியும் என்றுதான் எதிர்பார்த்தாள், எரியவில்லை. பாஸ்கரன் இடத்தைவிட்டு எழ முடியாமல் முன்சீட்டில் நெளிவது தெரிந்தது. அவள் தட்டோடு இறங்கி நின்றாள்.

"ஏன் பெரியம்மா?" என்று கேட்டாள்.

சண்டைக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "நான் எடுத்துகினு போனா பொண்ணுக்கு இன்னா ஆவும்? சொல்லுங்க, தெரிஞ்சுக்கறேன்."

மேளக்காரர்கள் வாசிப்பை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். தாட்சாயிணி சீட்டு விளிம்பில் நகர்ந்து வந்து முத்தம்மாள் முகத்தையே பார்த்தாள். முத்தம்மாள் வாயைத் திறந்தாள். ஜாடையாகச் சொல்ல எத்தனையோ தெரிந்தவளுக்கு, இத்தனை பேர் நடுவில், நேராகக் கேட்டவளிடம் நேராகச் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. "அது... வழக்கம்..." என்று இழுத்தாள். நீட்டின கைகள் மெதுவாகத் தாழ்ந்தன.

வனஜா இன்னும் கொஞ்ச நேரம் நிஜமாகவே காத்திருந்தாள். பிறகு தட்டை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, பெண்ணுக்கு முன்னால் படியேறினாள்.